கவனித்துச் சொன்னவருக்கு என்ன பதில்? சியாட்டில், பண்டபெர்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவமனையில் நடந்துவிட்ட தவறுக்குக் கோப்பு இருக்கும். விசாரணை அறிக்கை இருக்கும். சில நேரம் வழக்கு எண்ணும் இருக்கும். நடக்கவிடாமல் தடுத்த தவறுக்கு எந்தத் தடயமும் இருப்பதில்லை. இரவுப் பணியில் மருந்துக் குப்பியின் மேலிருந்த பெயரை இன்னொரு முறை படித்துப் பார்த்து, "இது இந்தக் கட்டில்காரருக்கு உரியதில்லை" என்று திருப்பி அனுப்பிய செவிலியரைப் பற்றி மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாது. நோயாளிக்கே தெரியாது. அவர் குணமாகி, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவர்களை எப்படி அடையாளம் கண்டு மரியாதை செய்வது? சால்வை, கேடயம், மேடை, புகைப்படம் என்றுதான் முதலில் தோன்றும். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மருத்துவமனைகளில் நடந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. கவனித்துச் சொன்னவருக்குச் சேரவேண்டிய முதல் மரியாதை, சொன்னதைக் கேட்க யாராவது உடனே எழுந்து வருவதுதான். அது நடந்த இடத்தில் விருதுக்கு அர்த்தம் இருக்கிறது. நடக்காத இடத்தில் எத்தனை பெரிய விருதும் காலம் கடந்த ஆறுதலாகவே நின்றுவிடுகிறது.

முதல் மருத்துவமனை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள வர்ஜீனியா மேசன். இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபெர்க் நகர அரசு மருத்துவமனை.

கயிற்றை இழுக்கும் உரிமை

வர்ஜீனியா மேசன் 1920இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை. 1990களின் இறுதியில் அது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2000இல் டாக்டர் கேரி கேப்லன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2002இல் அவரும் மூத்த நிர்வாகிகளும் ஜப்பானுக்குப் போய், டொயோட்டா ஆலையில் கார்கள் உருவாகும் முறையை நேரில் பார்த்தார்கள். நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களுக்குக் கார் ஆலையில் என்ன வேலை என்ற கேள்வி சொந்த மருத்துவமனையிலேயே எழுந்தது. "நோயாளிகள் கார்கள் இல்லை" என்று பலரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அவர்கள் அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் நமக்கு முக்கியமானது ஒரு கயிறு. டொயோட்டா ஆலையில் வேலை நடக்கும் வரிசையை ஒட்டி மேலே ஒரு கயிறு ஓடுகிறது. ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தால், அந்த இடத்தில் நிற்கும் தொழிலாளி யாராக இருந்தாலும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வந்துவிடுவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் கோளாறு தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். ஏன் இழுத்தாய் என்று யாரும் அதட்டுவதில்லை. என்ன பார்த்தாய் என்றுதான் கேட்கிறார்கள்.

2002 ஆகஸ்டில் வர்ஜீனியா மேசன் இதைத் தன் வார்டுகளுக்குக் கொண்டுவந்தது. நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடும் என்று சந்தேகப்படும் எந்த ஊழியரும் பாதுகாப்பு எச்சரிக்கை எழுப்பலாம். தொலைபேசியில் சொல்லலாம், கணினியில் பதியலாம். ஆபத்து உடனடியானதாக இருந்தால் நடந்துகொண்டிருக்கும் வேலை நிறுத்தப்படும். அந்தத் துறையின் தலைவரும் பாதுகாப்புப் பிரிவினரும் அந்த இடத்துக்கே வரவேண்டும். கடுமையான எச்சரிக்கை என்றால் உயர் நிர்வாகிகளும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும்.

ஏட்டில் அருமையான திட்டம். ஆனால் அந்த ஆண்டு மாதத்துக்குச் சராசரியாக மூன்று எச்சரிக்கைகள்தான் வந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு மாதத்துக்கு மூன்றே மூன்று. ஊழியர்களின் கண்ணில் எதுவும் படவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. கயிற்றை முதலில் இழுப்பவருக்கு என்ன நேர்கிறது என்று மற்றவர்கள் காத்திருந்து பார்ப்பது எல்லாப் பணியிடங்களிலும் உள்ள வழக்கம்தான். மருத்துவமனைகளில் அந்தத் தயக்கம் இன்னும் ஆழமானது. பத்தாண்டு படித்து வந்த அறுவை மருத்துவர் கையில் கத்தியோடு நிற்கும்போது, "டாக்டர், ஒரு நிமிடம்" என்று சொல்ல எத்தனை துணிவு வேண்டும் என்பது அறுவை அரங்கில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

2004 நவம்பர் 4

மேரி மெக்ளின்டனுக்கு வயது 69. சியாட்டிலுக்கு வடக்கே எவரெட் நகரத்தில் வாழ்ந்தவர். மூளையில் ஒரு இரத்தக் குழாய் பலூன் போல உப்பியிருந்தது. அது வெடித்துவிடாமல் இருக்கச் சிகிச்சை பெற அன்று வர்ஜீனியா மேசனுக்கு வந்திருந்தார். இந்தச் சிகிச்சைக்கு மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி மூளைவரை கொண்டுபோவார்கள். எக்ஸ்ரே திரையில் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக ஒரு சாயத் திரவத்தையும் உள்ளே செலுத்துவார்கள். சாயம் என்று பெயர் இருந்தாலும் அது பார்வைக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

அந்த மேசையின் மேல் மூன்று கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் அந்தச் சாயத் திரவம். ஒன்றில் சலைன். மூன்றாவதில் தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி. மூன்றுமே நிறமற்றவை. எந்தக் கிண்ணத்திலும் பெயர்ச்சீட்டு இல்லை. சாயத்துக்குப் பதில் கிருமிநாசினி சிரிஞ்சில் ஏறியது, அங்கிருந்து அந்தப் பெண்மணியின் இரத்தக் குழாய்க்குள் போனது. 19 நாட்கள் போராடி, நவம்பர் 23 அன்று அவர் இறந்துபோனார்.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தக் கிருமிநாசினியின் நிறம். அதற்குச் சில காலம் முன்புவரை அங்கே பயன்பட்டது அயோடின் கலந்த பழுப்பு நிறத் திரவம். நம் ஊரிலும் அடிபட்ட இடத்தில் தடவும் அந்தப் பழுப்பு மருந்து எல்லோருக்கும் தெரியும். அதைச் சலைன் என்றோ சாயம் என்றோ யாராலும் தவறாக நினைக்க முடியாது. கிருமிகளைக் கொல்வதில் மேலானது என்பதால் குளோர்ஹெக்ஸிடினுக்கு மாறினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம். ஆனால் அதுவரை அந்த மேசையைக் காவல் காத்துவந்தது பழுப்பு நிறம்தான் என்பது எந்த விதிமுறையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. நிறம் போன அன்றே காவலும் போய்விட்டது.

அந்த மேசையில் கிண்ணங்களை எடுத்து வைப்பவருக்கும் துடைத்து வைப்பவருக்கும் இது கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணமாவது யாருக்காவது தோன்றியிருக்கலாம். கவனம் என்று நாம் பாராட்டுவது இப்படிப்பட்ட ஒரு கணத்தைத்தான். அந்தக் கணம் வாயைத் திறக்க வைக்குமா, மனத்துக்குள்ளேயே அடங்கிவிடுமா என்பதை மருத்துவமனையின் சூழல் தீர்மானிக்கிறது.

மறைக்காமல் சொன்னது

மருத்துவமனை குடும்பத்தினரிடம் நடந்ததைச் சொன்னது. ஊழியர்களிடம் சொன்னது. பிறகு ஊருக்கே சொன்னது. தடுத்திருக்கக்கூடிய தவறால் ஒரு நோயாளியைக் கொன்றுவிட்டோம் என்று ஒரு பெரிய மருத்துவமனை தானாக முன்வந்து அறிவிப்பது இன்றும் அரிது, 2004இல் இன்னும் அரிது. வழக்கு வரும், பெயர் கெடும், நோயாளிகள் வரமாட்டார்கள் என்ற பயங்கள் எல்லாம் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாகம் வழக்கமாக வகுக்கும் பல இலக்குகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு இலக்கை வைத்தது: தவிர்க்கக்கூடிய மரணத்தையும் காயத்தையும் ஒழித்து நோயாளிகளின் பாதுகாப்பை உறுதி செய்வது. கூடவே, பாதுகாப்பில் சிறந்து விளங்கும் குழுவுக்கு ஆண்டுதோறும் ஒரு விருதை ஏற்படுத்தியது. அதற்கு மேரி மெக்ளின்டன் நோயாளிப் பாதுகாப்பு விருது என்று பெயர் வைத்தது.

தன் தவறால் இறந்தவரின் பெயரை ஒரு மருத்துவமனை தன் உயர்ந்த விருதுக்குச் சூட்டியது பற்றி எனக்குள்ள மதிப்பு பெரிது. விருதுகளுக்கு நிறுவனர் பெயர் இருக்கும், நன்கொடையாளர் பெயர் இருக்கும், புகழ்பெற்ற மருத்துவரின் பெயர் இருக்கும். இங்கே கேடயத்தை வாங்கும் ஒவ்வொருவரும் அந்த மூன்று கிண்ணங்களை நினைத்துக்கொண்டுதான் வாங்க முடியும். பரிசு வாங்குபவர் தன்னை மெச்சிக்கொள்வதற்கு அதில் இடமில்லை. எதற்காகக் கவனிக்கிறோம் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

விருதைவிட, அந்த மரணத்துக்குப் பிறகு கயிறு என்ன ஆயிற்று என்பதுதான் இந்த ஆய்வின் மையம். மாதத்துக்கு மூன்றாக இருந்த எச்சரிக்கைகள் 2006 இறுதியில் மாதத்துக்கு 285 ஆகிவிட்டன. 2002இல் தொடங்கியதிலிருந்து அதுவரை வந்தவை ஆறாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றை 24 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தார்கள்.

இந்த எண்களைக் கேட்டவுடன், "அப்படியானால் அங்கே தவறுகள் பெருகிவிட்டன என்றுதானே பொருள்?" என்று கேட்கத் தோன்றும். 1990களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது அவருக்கும் இதே குழப்பம் வந்தது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. நுணுகிப் பார்த்தபோது, அந்த வார்டுகளில் பயமின்றிப் பேசினார்கள், அதனால் தவறுகள் வெளியே வந்தன என்பது புரிந்தது. பயம் நிறைந்த வார்டுகளில் தவறுகள் புதைந்து கிடந்தன. 'எங்கள் மருத்துவமனையில் இந்த ஆண்டு ஒரு சம்பவமும் இல்லை' என்று பெருமையாகச் சொல்லும் அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது.

யார் எச்சரித்தார்கள் என்ற கணக்கும் பார்க்க வேண்டியது. 44 சதவீதம் செவிலியர்கள். 20 சதவீதம் மேலாளர்கள். டாக்டர்கள் 8 சதவீதம். சிகிச்சையோடு நேரடித் தொடர்பில்லாத உதவிப் பணியாளர்கள் 23 சதவீதம். கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். டாக்டர்களிடமிருந்து வந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எச்சரிக்கைகள் இவர்களிடமிருந்து வந்திருக்கின்றன. இதில் வியக்க ஒன்றுமில்லை. டாக்டர் சுற்றுக்கு வரும்போது ஒரு கட்டிலருகே சில நிமிடங்கள் நிற்கிறார். தரையைத் துடைப்பவர் ஒவ்வொரு கட்டிலின் அடியிலும் குனிந்து நிமிர்கிறார். தள்ளுநாற்காலியைத் தள்ளுபவர் நோயாளியோடு நீண்ட தாழ்வாரம் முழுக்க நடக்கிறார். கட்டிலின் பக்கக் கம்பி பூட்டாமல் தொங்குவது, ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது, எக்ஸ்ரேவுக்கு அழைத்த பெயருக்கும் கட்டிலில் இருப்பவர் சொல்லும் பெயருக்கும் பொருத்தமில்லாதது போன்றவை இவர்கள் கண்ணில்தான் முதலில் படும். பெரும்பாலான மருத்துவமனைகளில் யாரும் இவர்களிடம் கேட்பதில்லை. கேட்காமலே சொன்னால், "உன் வேலையைப் பார்" என்ற பதில் வரும்.

அதே பட்டியலில் டாக்டர்களின் 8 சதவீதம் எனக்கு உறுத்துகிறது. எத்தனை நல்ல அமைப்பிலும் டாக்டர்கள் இன்னொரு டாக்டரைப் பற்றி வாய்திறக்கத் தயங்குகிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பெயர் தெரியாத ஒருவர்

பாராட்ட வேண்டியவரின் பெயரே வெளியில் வராமல் போகும் நிகழ்வும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மருத்துவமனைகள் பாதுகாப்புச் சம்பவங்களை ஒரு மாநில அமைப்புக்கு ரகசியமாக அறிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த அமைப்பு 2005 டிசம்பரில் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. ஒரு செவிலியர் இரண்டு மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். ஒன்றில் மஞ்சள் கைப்பட்டைக்கு 'இந்தக் கையில் ஊசி போடாதே, இரத்தம் எடுக்காதே' என்று பொருள். இன்னொன்றில் அதே மஞ்சளுக்கு 'இதயம் நின்றால் மீட்க முயலாதே' என்று பொருள். முதல் மருத்துவமனையின் பழக்கத்தில் அவர் இரண்டாவது மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கையில் மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டார். அந்த நோயாளியின் இதயம் நின்றது. ஓடிவந்த குழு பட்டையைப் பார்த்துத் தயங்கி நின்றது. அங்கிருந்த இன்னொருவர் பட்டை தவறு என்பதைக் கண்டுகொண்டு சொன்னார். நோயாளி மீட்கப்பட்டார்.

அந்த இன்னொருவர் யார் என்று அறிக்கையில் இல்லை. ஆனால் அவர் கவனித்தது எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள். மாநிலத்தின் வடகிழக்குப் பகுதி மருத்துவமனைகள் ஒன்றுகூடி நிறங்களை ஒருமைப்படுத்தின. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2008இல் அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் நாடு முழுமைக்கும் மூன்று நிறங்களைப் பரிந்துரைத்தது: ஒவ்வாமைக்குச் சிவப்பு, விழுந்துவிடும் ஆபத்துக்கு மஞ்சள், மீட்க வேண்டாம் என்பதற்கு ஊதா.

எல்லோரையும் மேடையேற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒருவர் கண்டுபிடித்தது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரின் தவறு. கண்டுபிடித்தவரின் பெயரையும் நாளையும் வார்டையும் சுவரில் எழுதினால், தவறியவர் யார் என்பது அரைமணி நேரத்தில் மருத்துவமனை முழுக்கத் தெரிந்துவிடும். பட்டையைக் கட்டிய செவிலியர் அக்கறை இல்லாதவர் அல்லர். ஒரே நிறத்துக்கு இரண்டு பொருள் வைத்த ஏற்பாட்டுக்கு நடுவில் அவர் சிக்கிக்கொண்டார், அவ்வளவுதான். பாராட்டுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தைக் கேட்பதும், பெயர் வேண்டாம் என்றால் மாற்றத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்வதும் அடிப்படை நாகரிகம்.

பண்டபெர்க்: இரண்டு ஆண்டுகள்

இனி மறுபக்கம். பண்டபெர்க், குயின்ஸ்லாந்து கடற்கரையை ஒட்டிய கரும்பு விளையும் ஊர். 2003இல் அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு ஜெயந்த் படேல் என்ற அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். விரைவில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கே தலைவரானார். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அவர் சில அறுவை சிகிச்சைகளைச் செய்யக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. நியூயார்க்கில் உரிமத்தையே திருப்பிக் கொடுத்திருந்தார். பண்டபெர்க்கில் இதையெல்லாம் யாரும் சரிபார்க்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புச் செவிலியர் டோனி ஹாஃப்மன். படேல் வந்த சில மாதங்களிலேயே அவருக்குச் சந்தேகம் எழுந்துவிட்டது. உணவுக்குழாயை அகற்றுவது போன்ற பெரிய அறுவை சிகிச்சைகளைப் படேல் அங்கே செய்தார். அதற்குப் பின் பல நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வசதி அந்தச் சிறிய பிரிவுக்குக் கிடையாது. ஹாஃப்மனின் முதல் கேள்வி, மருத்துவரின் திறமையைப் பற்றியதாகக்கூட இல்லை. இந்த நோயாளியை இங்கே பார்த்துக்கொள்ள நம்மால் முடியுமா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டாமா என்பதுதான். தன் பிரிவின் எல்லையை அறிந்த ஒருவர் கேட்கவேண்டிய மிகச் சரியான கேள்வி அது.

பதில் வரவில்லை. நேரில் சொன்னார், எழுதிக் கொடுத்தார். 2004 அக்டோபரில் நிர்வாகத்துக்கு விரிவான கடிதம் எழுதினார். இரண்டு பேருக்கிடையே ஒத்துப்போகவில்லை, குணத்தகராறு என்ற கண்ணோடு நிர்வாகம் அதைப் பார்த்தது. அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவமனைக்கு நிதி வந்தது. படேல் நிறைய அறுவை சிகிச்சைகள் செய்தார். அவருக்குப் பணி நீட்டிப்புத் தரவும் நிர்வாகம் முன்வந்தது. இதற்கிடையில், படேலின் கண்ணில் படாமல் நோயாளிகளைச் செவிலியர்கள் மறைத்து வைத்ததாகப் பின்னர் விசாரணையில் சாட்சியம் வந்தது. ஒரு மருத்துவமனையில் செவிலியர்கள் நோயாளியைக் காப்பாற்ற மருத்துவரிடமிருந்தே ஒளித்து வைக்க வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. அவர்கள் கையில் எஞ்சியிருந்த ஒரே கயிறு அதுதான்.

2005 மார்ச்சில் ஹாஃப்மன் தன் வேலையைப் பணயம் வைத்துச் சட்டமன்ற உறுப்பினர் ராப் மெசெஞ்சரிடம் போனார். அவர் அதை மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்பினார். படேல் நாட்டைவிட்டுப் போய்விட்டார். ஏப்ரலில் கூரியர்-மெயில் நாளிதழின் ஹெட்லி தாமஸ் இணையத்தில் தேடி அமெரிக்கத் தடைகளைக் கண்டுபிடித்தார். ஒரு தேடலில் கிடைத்த தகவல் அது. பிறகு விசாரணை ஆணையம். நவம்பரில் ஜெஃப்ரி டேவிஸ் தலைமையிலான ஆணையம் அறிக்கை தந்தது.

வழக்கின் முடிவையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 2010இல் மூன்று மரணங்களுக்காகவும் ஒரு கடுமையான காயத்துக்காகவும் படேலுக்கு ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2012இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. 2013இல் நடந்த மறுவிசாரணையில் ஒரு மரணம் தொடர்பாக விடுதலையானார். மீதிக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. தன் பழைய பதிவு விவரங்களை மறைத்த மோசடியை மட்டும் ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். குற்றவியல் நீதிமன்றம் எங்கே போய் முடிந்தாலும் ஹாஃப்மனின் கேள்வி பிழையாகிவிடவில்லை. இந்த அறுவை சிகிச்சை இந்த இடத்தில் நடக்கலாமா என்று அவர் கேட்டார். அதற்கு 2003இலேயே பதில் சொல்லியிருக்கலாம்.

2006இல் ஹாஃப்மனுக்கு ஆஸ்திரேலியாவின் 'உள்ளூர் நாயகர்' விருது கிடைத்தது. முற்றிலும் தகுதியானவருக்குக் கிடைத்த விருது. ஆனால் அதைத் தந்தது நாடு. அவர் கவனித்ததை முதலில் மதித்திருக்க வேண்டிய மருத்துவமனை, அவர் சொல்லச் சொல்ல இரண்டு ஆண்டுகள் எழுந்து வரவில்லை.

இரண்டு மருத்துவமனைகளிலும் கவனிப்பவர்கள் இருந்தார்கள். பண்டபெர்க் செவிலியர்களின் கண் சியாட்டில் செவிலியர்களின் கண்ணைவிடக் கூர்மையில் குறைந்ததல்ல, துணிவிலும் குறைந்ததல்ல. 24 மணி நேரத்துக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் இருப்பது நிர்வாகத்தின் காதுதான்.

விருது தவறான பாதையில் போகும்போது

விருதுத் திட்டம் தொடங்கும் மருத்துவமனைகள் அடிக்கடி எண்ணிக்கையில் மாட்டிக்கொள்கின்றன. மாதத்தில் அதிக எச்சரிக்கை தந்தவருக்குப் பரிசு என்று அறிவித்தால், மின்விசிறி சத்தம் போடுவது முதல் எல்லாம் எழுதி வரும். ஆபத்தானது அந்தக் கும்பலில் தொலைந்துபோகும்.

இன்னொரு சிக்கல், இதைவிட நுட்பமானது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துக் குப்பிகளை ஒரு செவிலியர் மார்ச்சில் கண்டுபிடித்துத் தடுக்கிறார். விருது கொடுக்கிறோம். ஜூனில் இன்னொருவர் அதையே தடுக்கிறார். அவருக்கும் விருது. செப்டம்பரில் இன்னொருவர். மூன்று பேரும் வீரர்கள்தான். ஆனால் மருந்து அலமாரியில் அந்தக் குப்பிகள் இன்னும் அருகருகே நிற்கின்றன. டிசம்பரில் களைத்துப்போன ஒருவர் தவறவிடுவார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஓர் அறுவை அரங்குப் பிரிவு 2008இல் தொடங்கிய விருது இதில் எனக்குப் பிடித்தது. ஒருவர் ஆபத்தைச் சொன்னது மட்டும் அங்கே போதாது, அதிலிருந்து ஒரு திருத்தம் பிறந்திருக்க வேண்டும். இதனால் விருது நிர்வாகத்தின் மேலும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. திருத்தாமல் பரிசு கொடுத்துவிட்டு நகர முடியாது.

மெக்ளின்டன் நிகழ்விலிருந்து எஞ்சிய பாடமும் ஒரு எளிய திருத்தம்தான்: அசல் பாட்டிலிலிருந்து கிண்ணத்துக்கோ சிரிஞ்சுக்கோ மாற்றிய எந்தத் திரவமும் பெயர்ச்சீட்டு இல்லாமல் மேசையில் இருக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் 2006 ஜனவரி முதல் இதைத் தேசியப் பாதுகாப்பு இலக்குகளில் ஒன்றாகவே வைத்தது.

நம்மிடம் உள்ள விருதுகள்

இந்தியாவில் மருத்துவப் பணியாளர்களுக்கு விருதுகள் இல்லாமல் இல்லை. செவிலியர்களுக்கான தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973 முதல் இருக்கிறது. நீண்ட காலச் சேவைக்கும் அர்ப்பணிப்புக்கும் குடியரசுத் தலைவர் கையால் தரப்படுவது. அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்கும் கிருமித் தொற்றுத் தடுப்புக்கும் 2015 முதல் காயகல்ப் விருது உண்டு. அது நிறுவனத்துக்குப் போகும். மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் (NABH) தரச் சான்று பெறும் மருத்துவமனைகள், சம்பவங்களைப் பதிவு செய்து ஆராயும் முறையை வைத்திருக்கவும் வேண்டும்.

ஆக, பதிவேடும் இருக்கிறது, விருதும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. சம்பவப் படிவம் தரக்கட்டுப்பாட்டு அறையில் அடுத்த ஆய்வுக்காகக் காத்துக்கிடக்கிறது. விருது, பணி மூப்பையும் சான்றிதழ்களையும் பார்த்துத் தேர்வாகிறது. ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் துப்புரவுப் பணியாளர் படிவத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

மாற்றுவதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. படிவம் தமிழிலும் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்ல ஒரு உள் தொலைபேசி எண் இருக்கட்டும். படிவத்தில் என்ன பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்ற கேள்விகளுக்குக் கீழே இன்னும் மூன்று கட்டங்கள் சேர வேண்டும்: இதை முதலில் படித்தவர் யார், எத்தனை மணிக்கு அந்த இடத்துக்கு வந்தார், என்ன மாறியது. அவற்றை நிரப்ப வேண்டியவர் நிர்வாகி. விருதுக் குழு உட்காரும்போது அந்தக் கட்டங்கள் காலியாக உள்ள படிவங்களை முதலில் எடுத்து, பொறுப்பான துறைத் தலைவரை அழைத்துக் காரணம் கேட்கட்டும். யாருக்கு விருது என்ற பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.